மடக்குக் குழல் .22 ரைஃபிள் மதிப்புரை: காலி உறை வெளியேறாததற்கு எஜெக்டர்தான் காரணமா?

ஒரு முறைக்கு ஒரு தோட்டாவை மட்டும் கையால் இட்டுச் சுடும் ரைஃபிளில் பழுதாவதற்கு என்ன இருக்கிறது என்றே வாங்கும் முன் பலரும் நினைக்கிறார்கள். மேகசின் கிடையாது, அடுத்த தோட்டாவைத் தானாக ஏற்றும் பொறியமைப்பு கிடையாது, அசையும் பாகங்களும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த நினைப்பு பெருமளவுக்குச் சரியானதுதான். ஆயினும் இவ்வளவு எளிய கருவியிலும் ஒரு வேலை மட்டும் அடிக்கடி தடைப்படுகிறது. சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறையை, தோட்டா அமரும் அறையான சேம்பரிலிருந்து பெயர்த்து, துப்பாக்கியை விட்டே வெளியே தள்ளும் வேலை அது. நான் மதிப்பிட எடுத்துக்கொண்டிருப்பது .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்காகச் செய்யப்பட்ட, குழலைக் கீழே மடக்கித் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றை. தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே அமைப்பு வெவ்வேறு பெயர்களில் விற்பனையில் இருப்பதால், நான் சொல்லும் நிறைகுறைகளும் அவற்றுக்குப் பெரிதும் பொருந்தும்.

முதலில் நிறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அவை உண்மையானவை. ரைஃபிள் எடை குறைந்தது. குழலைக் கழற்றினால் சிறிய பைக்குள் அடங்கிவிடும். ட்ரிகர் இழுப்பு இந்த வகைத் துப்பாக்கிக்கு வியக்கத்தக்க அளவு சுத்தமாக, இழுவலோ நெருடலோ இல்லாமல் விடுபடுகிறது. ட்ரிகரை இழுத்ததும் அடிக்கும் சுத்தியலான ஹேமர் வெளியே தெரிவதால், அது பின்னிழுக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. குழலை மடக்கிவிட்டால் சேம்பர் காலியாக இருப்பதை அருகில் நிற்பவர் அனைவரும் பார்க்க முடியும். நிலையான வேகமுள்ள இலக்குத் தோட்டாக்களோடு 50 மீட்டரில் இது தரும் துல்லியத்தில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இத்தனை நல்ல கருவியை, உறை வெளியேறவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் மனம் வெறுத்து விற்றுவிடுவதைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது.

இந்த ரைஃபிளில் உறையை இழுப்பதும் எறிவதும் ஒரே பாகத்தின் பொறுப்பு. குழலின் பின்முகத்தில், சேம்பரின் வாயை ஒட்டிக் கீழ்ப்புறமாக எஜெக்டர் எனப்படும் ஒரு சிறு எஃகுத் துண்டு பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் மேல்முனையில் பிறை வடிவத்தில் ஒரு வெட்டு. தோட்டாவின் விளிம்பு அந்தப் பிறையில்தான் அமர்கிறது. துப்பாக்கியை மூடும்போது பின்னால் உள்ள எஃகுச் சுவர் இந்தத் துண்டை உள்ளே அழுத்துகிறது. அதன் பின்னிருக்கும் சுருள் ஸ்பிரிங் சுருங்கி நிற்கிறது. குழலைத் திறக்கத் தொடங்கியதும் அது உடனே விடுபட்டுவிடாமல் ஒரு சிறு கொக்கி பிடித்துக்கொள்கிறது. குழல் முழுவதுமாகக் கீழே இறங்கும் கடைசிக் கட்டத்தில் அந்தக் கொக்கி தட்டிவிடப்படுகிறது. ஸ்பிரிங் விரிந்து உறையை ஒரே உந்தலில் பின்புறமாக எறிகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது இது மிக அழகாக வேலை செய்கிறது.

இதில் ஒரு பலவீனம் அமைப்பிலேயே இருக்கிறது. சேம்பரின் பின்புறத்தை மூடும் உருளையைக் கைப்பிடியால் இயக்கும் போல்ட் வகை ரைஃபிளில், அந்தக் கைப்பிடியை மேலே தூக்கும்போதே ஒரு சரிவான தளத்தின் வழியாக உறை சற்றே பின்னால் பெயர்க்கப்படுகிறது. நம் கையின் பலம் நெம்புகோல் போலப் பெருகி அந்த முதல் அசைவுக்குப் போகிறது. ஒட்டிக்கொண்ட உறையைப் பெயர்க்கத் தேவைப்படுவது அந்த முதல் அசைவுதான். அதன் பிறகு உறை தானே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நமது மடக்குக் குழல் ரைஃபிளில் அந்த முதல் அசைவுக்கும் ஸ்பிரிங்கின் விசையைத் தவிர வேறு துணை இல்லை. அந்த விசைக்குப் பிடிமானமாகக் கிடைப்பதும் மிகக் கொஞ்சம். .22 லாங் ரைஃபிள் உறையின் உடல் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர் விட்டமும், விளிம்பு ஏறத்தாழ 7.1 மில்லிமீட்டர் விட்டமும் கொண்டவை. அதாவது உடலைவிட வெளியே நீண்டிருக்கும் உதடு ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அந்த மெல்லிய பித்தளை உதட்டைக் கீழ்ப்புறத்தில் மட்டும் பற்றிக்கொண்டுதான் எஜெக்டர் தன் வேலையைச் செய்கிறது. ஆகவே சேம்பரில் சிறிதளவு தடை ஏற்பட்டாலும் அது உடனே நமக்குத் தெரிந்துவிடுகிறது. போல்ட் வகையில் அதே தடை கைப்பலத்தில் மறைந்துபோயிருக்கும்.

இந்த மதிப்புரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே: உறை வெளியேறவில்லை என்றவுடன் எல்லோரும் எஜெக்டரையும் ஸ்பிரிங்கையும் குற்றம் சொல்கிறார்கள், ஆனால் இந்த ரைஃபிளில் குற்றவாளி பெரும்பாலும் சேம்பர்தான். எஜெக்டர் அந்தக் குற்றத்தை நமக்குக் காட்டிக்கொடுக்கிறது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பயிற்சிக்கான போலித் தோட்டா ஒன்றைச் சேம்பரில் இட்டு, மூடி, வழக்கம்போல் திறந்து பார்க்க வேண்டும். போலித் தோட்டா ஒவ்வொரு முறையும் துள்ளி வெளியே விழுந்து, சுட்ட உறை மட்டும் உள்ளேயே நின்றுவிடுமானால் எஜெக்டரையும் ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. கோளாறு சேம்பரின் சுவரிலோ தோட்டாவிலோ இருக்கிறது. போலித் தோட்டாவும் பாதி வந்து நின்றுவிட்டால் எஜெக்டரின் பாதையைப் பார்க்க வேண்டும். இந்த எளிய சோதனையைச் செய்யாமலேயே புதிய ஸ்பிரிங்குக்கு எழுதிப் போடுபவர்கள் ஏராளம். போலித் தோட்டா கைவசம் இல்லாவிட்டால், ஏற்கெனவே சுட்டு, நன்றாகத் துடைத்த காலி உறையைப் பயன்படுத்தலாம். ஆனால் அது சேம்பருக்குள் விரல் அழுத்தத்திலேயே நுழைவதாக இருக்க வேண்டும்.

சுட்ட உறைதான் இதில் முதல் சாட்சி. தோட்டா வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை உறை விரிந்து சேம்பரின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்கிறது. குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் வீழ்ந்ததும் பித்தளை தன் மீள்திறனால் மிக நுண்ணிய அளவு சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. உறை வெளியே வருவதற்கான இடம் அந்த நுண்ணிய விலகல் மட்டுமே. சுவரில் துருக்குழி, கருவியின் வெட்டுத் தடம், மேடு, கரிப்படிவு என எது இருந்தாலும் விரியும்போது பித்தளை அதன் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். சுருங்கும்போது அதிலேயே மாட்டிக்கொள்ளும். வாங்கிக்கொண்ட அந்த வடிவம் வெளியே எடுத்த உறையில் அச்சாகப் பதிந்திருக்கும்.

அதைப் படிப்பதற்கு நான் பின்பற்றும் முறை ஒன்றைச் சொல்கிறேன். தோட்டாவின் அடிப்பாகத்தில், விளிம்பின் ஒரு பக்கத்தில், மெல்லிய மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இட்டு, அந்தக் கோடு மேல்நோக்கி இருக்கும்படி சேம்பரில் வைத்துச் சுட வேண்டும். இவ்வாறு குறியிட்ட உறைகள் சிலவற்றைச் சேர்த்து, கோடுகள் ஒரே திசையில் அமையுமாறு வரிசையாக வைத்து, சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் ஒரே இடத்தில் நீளவாக்கில் கீறல் இருந்தால் சேம்பரின் அந்த இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. உறையைச் சுற்றிலும் மங்கலான வளையம் தென்பட்டால், படிவோ கடைசல் தடமோ சுற்றுவட்டமாக இருக்கிறது. கீறல்கள் உறைக்கு உறை இடம் மாறினால் அவை பெரும்பாலும் தளர்வான அழுக்கின் வேலை, சேம்பர் குற்றமற்றது. விளிம்பின் கீழ்ப்பகுதியில் பித்தளை வழித்தெடுத்தாற்போல் மழுங்கியிருந்தால், எஜெக்டர் இழுக்க முயன்று பிடி நழுவியிருக்கிறது என்று பொருள்.

நான் பார்த்த இந்த வகை ரைஃபிளில் கீறல் எப்போதும் விளிம்பை ஒட்டி, தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசியான ஃபயரிங் பின் அடித்த பள்ளத்துக்கு நேர் முன்பாகவே தொடங்கியது. இது மிகப் பழக்கமான நோய். .22 தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் விளிம்பின் உட்புற மடிப்பில் இருப்பதால் ஃபயரிங் பின் அடிப்பது தோட்டாவின் நடுவில் அல்ல, விளிம்பில். சேம்பர் காலியாக இருக்கும்போது ட்ரிகரை இழுத்தால், அடியை வாங்கிக்கொள்ளப் பித்தளை விளிம்பு இல்லாத நிலையில், சில வடிவமைப்புகளில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பரின் வாய்விளிம்பிலேயே போய் மோதுகிறது. மீண்டும் மீண்டும் அப்படி அடிபடும் இடத்தில் எஃகு நசுங்கி, அந்த எஃகின் ஒரு துளி சேம்பரின் உள்புறமாகப் பிதுங்கிக்கொண்டு நிற்கும். கண்ணுக்கு அது பெரும்பாலும் தெரியாது. பஞ்சு சுற்றிய குச்சியைச் சேம்பரின் வாயில் வட்டமாகச் சுழற்றினால் அந்த இடத்தில் மட்டும் நூலிழைகள் மாட்டி நிற்கும். அவ்வளவு சிறிய பிதுக்கம் போதும், விரிந்த உறையை உள்ளே பிடித்து நிறுத்திவிட.

இதற்குப் பலரும் சிறிய அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிதுங்கிய எஃகு வேறெங்கிருந்தும் வந்ததல்ல. அது சேம்பரின் வாய்விளிம்புக்கே சொந்தமானது. அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நிரந்தரமான பள்ளம் விழுந்து, உறையின் பலவீனமான விளிம்புக்கு அங்கே தாங்கலே இல்லாமல் போகும். சரியான வழி, பிதுங்கியதைத் திரும்ப அதன் இடத்துக்கே தள்ளிவிடுவது. அதற்கென்றே சேம்பரின் அளவுக்குக் கடைந்து, முனையைச் சற்றே கூம்பாக்கிய கடினமான எஃகுக் கருவி உண்டு. அதைச் சேம்பருக்குள் நுழைத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்க்கும்போது எஃகு பழைய நிலைக்குப் படிந்துவிடுகிறது. இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. அவருக்கு இது சிறு வேலை. அதன் பிறகு காலிச் சேம்பரில் ட்ரிகரை இழுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், அல்லது ஒவ்வொரு முறையும் போலித் தோட்டாவை இட்டுப் பழக வேண்டும்.

சுற்றுவட்டமான வளையத்துக்கு வேறு கதை இருக்கிறது. .22 ஷார்ட் தோட்டா 1857 இலேயே வந்துவிட்டது; .22 லாங் ரைஃபிள் 1887 இல் வந்தது. இரண்டின் விட்டமும் ஒன்றே என்பதால் ஷார்ட் தோட்டாவை இந்த ரைஃபிளில் இட்டுச் சுட முடிகிறது, சத்தம் குறைவு என்பதற்காகப் பலர் அதை விரும்பவும் செய்கிறார்கள். ஆனால் ஷார்ட் உறையின் நீளம் ஏறத்தாழ 10.7 மில்லிமீட்டர், லாங் ரைஃபிள் உறையின் நீளம் ஏறத்தாழ 15.6 மில்லிமீட்டர். இடையிலுள்ள அந்த ஐந்து மில்லிமீட்டர் நீளத்தில் சேம்பரின் சுவர் வெறுமையாக நின்று, ஒவ்வொரு வெடிப்பிலும் கரியையும் ஈயத்தையும் குண்டின் மேல் பூசிய மெழுகையும் வாங்கிக்கொள்கிறது. நாளடைவில் அது இறுகிக் கல்லைப்போன்ற வளையமாகிவிடுகிறது. பிறகு லாங் ரைஃபிள் தோட்டாவை இட்டால் அதன் முன்பகுதி அந்த வளையத்துக்குள் திணிக்கப்படும். சுட்டபின் வர மறுக்கும். ஷார்ட் சுட்டே பழக்கமில்லாதவருக்கும் இதே படிவு உறையின் வாய்க்கு முன்னால் மெல்ல மெல்ல உருவாகும். .22 தோட்டாவின் குண்டு உறையின் வெளிப்புற அளவுக்கே இருப்பதால் அதன் மெழுகுப்பூச்சு வெளியே திறந்தே இருக்கிறது. குளிரில் அது கெட்டியாகிச் சேம்பரின் முன்பகுதியில் படியத் தயாராக இருக்கிறது.

குழலைத் துடைக்கும் பலர் சேம்பரைத் துடைப்பதில்லை என்பது இந்த வகை ரைஃபிள்களைத் திறந்து பார்த்தால் உடனே தெரியும். குழலின் உட்சுவரில் குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் பளபளவென்று இருக்கும். சேம்பரின் முன்பகுதி கறுத்துக் கிடக்கும். குழலின் உள்விட்டத்துக்கு ஏற்ற துணித்துண்டு சேம்பரில் சுவரைத் தொட்டும் தொடாமலும் கடந்துபோவதே காரணம், ஏனெனில் சேம்பர் குழலைவிடச் சற்று அகலமானது. கரைப்பானில் நனைத்த துணியைச் சேம்பரில் வைத்துச் சற்று நேரம் ஊறவிட்டு, பிறகு சேம்பரின் அளவுக்கு இறுக்கமாக அமையும் வெண்கலக் கம்பிப் பிரஷை உள்ளே நுழைத்துச் சுழற்ற வேண்டும். குழலுக்கு முன்னும் பின்னுமாக இழுப்பதுபோல் இழுப்பதால் வளையம் கரையாது. சுழற்றுவதுதான் அதை உடைக்கிறது. கடைசியில் உலர்ந்த துணியால் எண்ணெயின் ஈரமே இல்லாதபடி துடைத்தெடுக்க வேண்டும். உறை வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று சேம்பரில் எண்ணெய் தடவிவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெடிக்கும்போது உறை சுவரைப் பற்றிக்கொள்வதால்தான் பின்னோக்கிய தள்ளுவிசையின் ஒரு பகுதி சேம்பரின் சுவரிலேயே தாங்கப்படுகிறது. எண்ணெய் அந்தப் பிடிப்பைக் குலைத்து, சுமை முழுவதையும் பின்னால் உள்ள பூட்டின்மேல் ஏற்றிவிடும். நீண்ட நாள் வைத்திருப்பதற்காக எண்ணெய் பூசியிருந்தால், சுடும் முன் துடைத்துவிட வேண்டும்.

ஒற்றைத் தோட்டா ரைஃபிளின் வரலாறே இந்தச் சிக்கலோடு பின்னிப் பிணைந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை. அமெரிக்கப் படையின் 1873 ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குத் தொடக்கத்தில் செம்பு உறை கொண்ட தோட்டாக்களே வழங்கப்பட்டன. செம்பு மென்மையானது, பித்தளை அளவுக்கு மீண்டு சுருங்காது, தோல் வார்களில் செருகி வைத்தால் பச்சைக் களிம்பும் படியும். 1876 இல் அமெரிக்கப் படை பூர்வகுடியினரிடம் தோற்ற லிட்டில் பிக்ஹார்ன் சண்டைக்குப் பின் உறை சிக்கிக்கொள்வது பற்றிய புகார்கள் எழுந்தன. பிற்காலத்தில் படை பித்தளைக்கு மாறியது. 1871 இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிளான மார்டினி ஹென்றியிலும் தகடு சுருட்டிச் செய்த உறைகள் சூடான, புழுதி நிறைந்த நிலைமைகளில் மாட்டிக்கொண்டன. 1884-85 சூடான் போரில் அந்தக் குறை வெளிப்படையாகத் தெரிந்து, ஒரே துண்டாக இழுத்துச் செய்த பித்தளை உறைகள் வந்தன. இரண்டிலுமே தீர்வு தேடப்பட்டது உறையில். இழுக்கும் கொக்கியைப் பலப்படுத்தி அவர்கள் அந்தச் சிக்கலிலிருந்து மீளவில்லை. நம் காலத்து .22 க்கும் அதே பாடம் பொருந்துவதால்தான் எஜெக்டரை இவ்வளவு பின்னால் தள்ளி எழுதுகிறேன்.

போலித் தோட்டாவே வெளியேறாத நிலையில், எஜெக்டரைப் பற்றிப் பேசலாம். குழலைக் கழற்றி, எஜெக்டரை மரக்குச்சியால் உள்ளே அழுத்தி விட்டுப் பார்த்தால் அது தடையில்லாமல் துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்து வந்தால் அதன் பின்னுள்ள குழிவில் எரியாத வெடிமருந்துத் துகள், ஈயச் சீவல், மெழுகு ஆகியவை எண்ணெயோடு கலந்து சேறாகியிருக்கின்றன. இந்த ரைஃபிளில் அந்தக் குழிவு மேல்நோக்கித் திறந்திருப்பதால், சேம்பரிலிருந்து விழும் எல்லாக் குப்பையும் நேராக அதற்குள்தான் போய்ச் சேர்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். கழற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும், அதோடு சிறு குண்டுமணி ஒன்றும் சேர்ந்து பறக்கும்; வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு கழற்றுவது நல்லது. சுத்தம் செய்தபின் எண்ணெயை ஒரு துளிக்கு மேல் விட வேண்டாம். சுத்தமான பாதையிலும் எஜெக்டர் குழல் முழுதும் இறங்கும் முன்பே விடுபட்டுவிட்டால் கொக்கியின் முனை தேய்ந்திருக்கிறது. அப்போது உறை எறியப்படாமல் பாதி திறந்த இடைவெளியில் சுவரில் மோதி நின்றுவிடும். அது பாகத்தை மாற்ற வேண்டிய குறை.

ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்துபோயிருப்பது அரிது. ஆனாலும் ‘கடினமான ஸ்பிரிங் போடுங்கள்’ என்பதே எல்லோரும் முதலில் சொல்லும் ஆலோசனையாக இருக்கிறது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். சேம்பரில் ஒட்டிக்கொண்ட உறையை அதிக விசையோடு இழுத்தால் அந்த மெல்லிய உதடு வளைந்துகொடுக்கும். எஜெக்டர் அதைத் தாண்டி வெளியே வந்துவிடும். உறை மட்டும் உள்ளே தங்கிவிடும். முன்பு அரைகுறையாகவாவது பெயர்ந்து, நகத்தால் எடுக்க முடிந்த உறையை இப்போது குழல்முனையிலிருந்து கம்பி விட்டுத் தள்ள வேண்டிய நிலை வரும். தவிர, மூடும்போது அந்த விசை முழுவதையும் நம் கை எதிர்க்க வேண்டியிருப்பதால் துப்பாக்கியை அடித்து மூடும் பழக்கம் வந்து, கீலும் பூட்டும் விரைவில் தேயும்.

இன்னொன்றும் உண்டு. இலக்குப் போட்டிக்கான இறுக்கமான சேம்பர் கொண்ட மாதிரிகளில் குண்டின் முனை வரிப்பள்ளங்களில் சற்றே அழுந்தி நிற்கும்படி சேம்பர் குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். துல்லியத்துக்கு அது உதவுகிறது. ஆனால் சுடாமலேயே தோட்டாவை வெளியே எடுக்க முயன்றால், குண்டு வரிப்பள்ளங்களிலேயே மாட்டிக்கொண்டு, உறை மட்டும் உருவிக்கொண்டு வந்து, வெடிமருந்து உள்ளே கொட்டிவிடலாம். அப்படி நேர்ந்தால் குழலில் குண்டு இருக்கிறது என்பதே முதலில் நினைவுக்கு வர வேண்டும். அடுத்த தோட்டாவை அதன் பின்னால் இட்டுச் சுடுவது குழலையே வெடிக்கச் செய்யக்கூடியது. இத்தகைய சேம்பர் உள்ளவர்கள், சுடப்போகிறோம் என்று முடிவு செய்தபிறகே தோட்டாவை இடுவது நல்லது.

திறக்கும் விதத்திலும் ஒரு சிறு விஷயம் இருக்கிறது. கொக்கி கடைசி அங்குலத்தில்தான் தட்டிவிடப்படுவதால், குழலைத் தயங்கித் தயங்கித் திறந்து முக்கால் வழியில் நிறுத்துபவருக்கு எஜெக்டர் வேலை செய்யவில்லை என்றே தோன்றும். முழுவதுமாக, ஒரே சீரான அசைவில் திறக்க வேண்டும். தொலைநோக்கி பொருத்தியிருந்தால், அதன் பின்கண் சேம்பருக்கு நேர் மேலே தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எறியப்பட்ட உறை அதில் மோதித் திரும்பச் சேம்பரின் வாயிலேயே விழுவதுண்டு. உறை நேர்ப் பின்புறமாக, முகத்தை நோக்கி வருவதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த ரைஃபிளைத் திறக்கவே கூடாது.

உறை உள்ளேயே சிக்கிவிட்டால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது சுட்ட உறையா, சுடாத தோட்டாவா என்பதை. ட்ரிகரை இழுத்தும் வெடிக்காத தோட்டாவாக இருந்தால், குழலைப் பாதுகாப்பான திசையில் நீட்டியபடியே குறைந்தது 30 விநாடி காத்திருக்க வேண்டும். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. சுட்ட உறைதான், குண்டு வெளியேறிவிட்டது என்பது ஐயமற உறுதியானால் மட்டும், குழல்முனையிலிருந்து சரியான அளவுள்ள கம்பியைச் செலுத்தி, மெதுவாகத் தட்டி வெளியே தள்ளலாம். சுடாத தோட்டாவைக் கம்பியால் தள்ளவே கூடாது. ஸ்க்ரூடிரைவரால் விளிம்பை நெம்பவும் கூடாது. விளிம்பில்தான் வெடிக்கும் ரசாயனம் இருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். அத்தகைய நிலையில் குழலைத் திறந்த நிலையிலேயே வைத்து, பழுதுபார்ப்பவரின் பொறுப்பில் ஒப்படைப்பதே வழி.

தோட்டாவின் தேர்வைப் பற்றியும் கேட்கிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகமுள்ள நிலையான வேகத் தோட்டாக்களில் எளிதாக வரும் உறை, ஏறத்தாழ 380 மீட்டர் வேகமுள்ள அதிவேகத் தோட்டாக்களில் சிக்குமானால், அது சேம்பரின் கரடுமுரடு சொல்லும் செய்தி. நல்ல சேம்பர் இரண்டையும் ஒன்றுபோல் விடுவிக்கும். ஆகவே ஒரு வகைத் தோட்டாவுக்கு மாறிக்கொண்டு தப்பிப்பதைக் காட்டிலும் சேம்பரைச் சரிசெய்வது மேல். ஒரே ஒரு பெட்டியில் மட்டும் சிக்கல் என்றால் அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடலாம்.

தயாரிப்பாளர் மீது எனக்கு உள்ள குறைகள் இரண்டு. சேம்பரின் உட்புற மெருகு இந்தக் குழலின் மற்றப் பகுதிகளின் தரத்துக்கு ஈடாக இல்லை. கடைசல் கருவி விட்ட மெல்லிய வட்டத் தடங்கள் புதிய துப்பாக்கியிலேயே தெரிகின்றன. ஸ்பிரிங்கை மட்டுமே நம்பும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் சேம்பரைக் கண்ணாடிபோல் முடித்திருக்க வேண்டும்; அதுதான் இந்த அமைப்புக்குச் செலுத்த வேண்டிய நியாயமான விலை. இரண்டாவது, உடன் வரும் கையேடு. எஜெக்டரைக் கழற்றுவது பற்றி விரிவாகப் பேசும் அது, சேம்பரைத் தனியாகத் துலக்க வேண்டும் என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. காலிச் சேம்பரில் ட்ரிகரை இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் பொதுவான பாதுகாப்பு விதிகளின் நடுவே தொலைந்துபோயிருக்கிறது. எறியாமல் இழுத்து மட்டும் நிறுத்தும் எளிய எக்ஸ்ட்ராக்டரை மாற்றுப் பாகமாகத் தந்திருந்தால் நான் மனதார வரவேற்றிருப்பேன். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இடுபவருக்கு உறையையும் கையால் எடுப்பது சுமையல்ல; தரையில் சிதறும் உறைகளைப் பொறுக்கும் வேலையும் மிச்சம்.

இந்தக் குறைகளோடும் இந்த ரைஃபிளை நான் பரிந்துரைக்கிறேன், ஆனால் எல்லோருக்கும் அல்ல. ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும் சேம்பரைத் துலக்கும் பொறுமை உள்ளவருக்கும், கற்றுக்கொடுப்பவரின் மேற்பார்வையில் பழகும் புதியவருக்கும் இது மிகப் பொருத்தமானது. எப்போதாவது எடுத்துச் சுட்டுவிட்டு, துடைக்காமல் அலமாரியில் வைப்பவர் போல்ட் வகை ஒற்றைத் தோட்டா ரைஃபிளை வாங்குவது நல்லது. அதன் நெம்பும் பலம் அந்த அலட்சியத்தைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும்.

பழைய ரைஃபிளாக வாங்குபவர்கள் குழலின் பளபளப்பில் மயங்க வேண்டாம். உரிமையாளரின் அனுமதியோடு குழலை மடக்கி, சிறு விளக்கின் ஒளியைச் சேம்பரின் வாயில் சாய்த்துப் பிடித்து, ஃபயரிங் பின் அடிக்கும் இடத்துக்கு நேரே வாய்விளிம்பில் நசுங்கல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பஞ்சுக் குச்சியைச் சுழற்றுங்கள். போலித் தோட்டாவை இட்டு மெதுவாகவும் விரைவாகவும் திறந்து பாருங்கள். முன்பு இதில் சுட்ட உறைகள் சில இருந்தால் கேட்டு வாங்கிக் கீறல்களைப் பாருங்கள். சிறிய நசுங்கல் மட்டும் இருந்தால் வாங்கலாம், அது சரிசெய்யக்கூடியது. வாய்விளிம்பில் அரம் ஓடிய தடமும் பள்ளமும் தெரிந்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.